மாமியின் நாவற்பழத் தலை

மாமி தன் வாழ்நாளில் எதையும் தவறிச் செய்ததில்லை. செய்ததெல்லாம் வேண்டுமென்றே செய்தவை. போன மாரியில் அவர் செத்துப்போனபோது, இதையாவது தற்செயல் என்று ஒப்புக்கொள்வாரோ என்று அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. வாயை இறுக்கி, எல்லாம் திட்டப்படிதான் நடக்கிறது என்பது போலப் படுத்திருந்தார். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து அப்பா சாம்பலைக் கரைத்தபோது கடலின் நிறம் மாறுகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். கடலுக்கு அந்தத் துணிவு இல்லை.

மாமி என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கலியாணம் கட்டாமல் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர். மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னத் தபாற்கந்தோரில் வேலை. ஒரு பின்னேரம் வேலை விட்டு வரும்போது சந்தையடியில் ஸ்கூட்டியோடு தெருவோரக் கழிவுநீர்க் கானுக்குள் போய்விட்டார். மரக்கறி வாங்க வந்த சனமெல்லாம் ஓடி வந்தது. பூசணிக்காய் விற்கிறவர் முதலில் போய்க் கையை நீட்டி, "விழுந்திட்டியளோ அக்கா?" என்று கேட்டார்.

மாமி கானுக்குள் இருந்தபடியே சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "விழேல்லைத் தம்பி. வேணுமெண்டுதான் இறங்கினனான். லொறி வாற வேகத்துக்கு உதுதான் நல்ல இடம்."

லொறி ஒன்றும் வரவில்லை என்று பூசணிக்காய்க்காரர் பிறகு அப்பாவிடம் சொன்னார். அப்பா அதை மாமியிடம் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கத்தரிக்காய்ப் பால்கறி அடிப்பிடித்தால், மணத்துக்காகக் கொஞ்சம் கருக்கி இறக்கியது. பஸ்ஸைத் தவறவிட்டால், உந்தச் சனத்துக்குள் நெரிபட விருப்பமில்லாமல் விட்டது. கலியாணம் கட்டாதது எப்படி என்று கேட்டால், அது எல்லாவற்றிலும் பெரிய திட்டம்.

அவருடைய தலைமயிர் செம்பட்டை. கொஞ்சம் செம்பட்டை அல்ல, நல்ல முற்றிய தேங்காய் மட்டையின் நிறம். எங்கள் குடும்பத்தில் அது பரம்பரையாக வருகிறது. அப்பாவுக்கும் அதே தலைதான். ஆனால் அவர் முப்பது வயதுக்குள் மொட்டையாகி அந்தப் பிரச்சினையை முடித்துக்கொண்டார். மிச்சமிருந்த தலைகள் இரண்டு. ஒன்று மாமியுடையது, மற்றது என்னுடையது.

செம்பட்டைத் தலையோடு எங்கள் பக்கத்தில் பிறந்தால் ஆயுள் முழுக்க மருத்துவ ஆலோசனை இலவசம். வழியில் கண்டவர்களெல்லாம் சொல்வார்கள். எண்ணெய் வை, கரிசலாங்கண்ணி காய்ச்சி வை, முருங்கையிலை சாப்பிடு, பிள்ளைக்குச் சத்துக் குறைவு. இன்னும் சிலர் சத்தோடு நிற்காமல் சரித்திரத்துக்குள் போவார்கள். ஒரு செத்தவீட்டில், எல்லாரும் அழுது களைத்து ரீ குடிக்கும் நேரத்தில், தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி மாமியின் கொண்டையைப் பார்த்து, "உங்கடை ஆக்களுக்குள்ளை அந்தக் காலத்திலை ஒரு பறங்கி பூந்திட்டானாமே?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றார் மாமி. "வேணுமெண்டுதான் கூப்பிட்டனாங்கள்."

செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது என்பதால் அப்பா எழும்பிப் படலைக்கு வெளியே போனார்.

இந்தத் தலைக்குச் சாயம் வந்து சேர்ந்தது மாமிக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு. அவரோடு படித்த ஒரு சிநேகிதி கனடாவில் இருந்து பார்சல் அனுப்பியிருந்தார். பார்சல் மாமியின் தபாற்கந்தோருக்கே வந்தது. மாமியே கையெழுத்து வைத்து, மாமியே முத்திரை குத்தி, மாமிக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே சொக்கலேற்றோடு சின்னச் சின்னப் போத்தல்கள். நீலம், ஊதா, சிவப்பு. எல்லாம் திருவிழாக்கடை பலூன் நிறம். தலை முழுக முழுகப் போய்விடுகிற சாயம். போத்தலில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை மயில் மாதிரித் தலையோடு சிரித்தாள்.

வழிமுறையை நான்தான் வாசித்துச் சொன்னேன். கறுப்புத் தலையாக இருந்தால் முதலில் மருந்து பூசி வெளிற வைக்கவேண்டும், இல்லாவிட்டால் நிறம் எடுக்காது என்று இருந்தது. மண்ணிறத் தலையென்றால் வெளிற வைக்காமலும் பூசலாம், நிழலில் தெரியாது, வெளிச்சத்தில் தெரியும் என்றும் இருந்தது. மாமி அந்த வரியை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று கொண்டையை அவிழ்த்தார். ஆயுள் முழுக்கக் குறை கேட்ட தலைக்கு ஒரு தகுதி இருக்கிறது என்று கடைசியில் ஒரு போத்தல் எழுதிக் கொடுத்திருந்தது.

முதல் முதல் பூசியது நீலம். நீலம் என்று நம்பித்தான் பூசினார். ஆனால் அவருடைய தலையில் இயல்பாகவே ஒரு மஞ்சள் சாயல் ஓடும், வெயில் பட்ட முன்பக்கத்தில் இன்னும் கூட. நீலம் அந்த மஞ்சளோடு கலந்து என்னவாகும் என்று நேர்சரிப் பிள்ளைக்கும் தெரியும். மாமிக்குத் தோன்றவில்லை. துவாயை எடுத்தபோது தலை வாழையிலைப் பச்சை.

அன்று எங்கள் கோயிலில் தேர். அம்மா கெஞ்சினார், முக்காடு போட்டுக்கொண்டாவது வரச் சொன்னார். மாமி கேட்கவில்லை. கோயிலுக்குள் நின்றவரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, விளக்கு வெளிச்சத்தில் அது வழமையான மங்கல் தலை. சாமி தேருக்கு எழுந்தருளியதும் சனமெல்லாம் வெளியே வந்தது, மாமியும் வந்தார். உச்சி வெயில். வடம் பிடிக்கப்போன பெண்கள் வடத்தைப் பார்க்கவில்லை.

"என்ன மச்சாள், தலை பச்சையாக் கிடக்கு?" என்றார் பக்கத்து ஒழுங்கை அன்ரி.

"பச்சைதான் போட்டனான். தேராலை இறங்கேக்கை சாமிக்கே பச்சை சாத்திறாங்கள். எனக்கென்ன குறை?"

அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டு வடத்தைப் பிடிக்கப் போனார். சாமியை இழுத்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் மேலே கதைக்க மாட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து மாமி என்னிடம், "நீலத்தைக் காட்டிலும் பச்சை வடிவெல்லே," என்று கேட்டார். அவர் ஒப்புக்கொண்டதில் அதுதான் ஆகக் கூடியது.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. துவாய்களில் ஊதாப் புள்ளி, தலையணையில் சிவப்பு மேகம். மாமி கிணற்றடியில் முழுகும்போது நிறத்தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போகும். அடுத்த குலை வெட்டியபோது அம்மா ஒரு பழத்தை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கொடுத்தார். தபாற்கந்தோரில் பெரியவராக இருந்தவர் ஒருநாள் மாமி வெளியே ஸ்கூட்டியை நிறுத்தும்போது யன்னலால் பார்த்திருக்கிறார். உள்ளே வந்ததும், "மிஸ், உங்கடை தலையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும்," என்றாராம். மாமி குழாய் விளக்குக்குக் கீழே போய் நின்றுகொண்டு, "என்ன நிறம் சேர்?" என்று கேட்டார். அவர் பார்த்தார். மண்ணிறம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மண்ணிறமேதான். "ஒண்டுமில்லை, வேலையைப் பாருங்கோ," என்றுவிட்டுப் போய்விட்டார்.

மாமியின் ஆகப்பெரிய வெற்றி எதிர்வீட்டு ரீச்சர். முழங்கால் வரை மயிர், காகக் கறுப்பு. மாமியைக் காணும்போதெல்லாம் எண்ணெய் வைக்கச் சொன்னவர்களில் முதலாமவர். அவருக்கும் உள்ளுக்குள் ஆசை பிடித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை பின்பக்கத்தால் வந்து, நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்புப் பூசிவிடச் சொன்னார். மாமி நல்லெண்ணத்தோடு பூசினார். கழுவிக் காயவைத்து வெயிலில் நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். கறுப்பு கறுப்பாகவே நின்றது.

மாமி ரீச்சரின் தோளில் கையை வைத்தார். "உங்கடை தலைக்கு ஏலாது ரீச்சர். முழுக்கக் கறுப்பெல்லே," என்றார். பிறகு, சின்ன வயது முதல் தனக்குச் சொல்லப்பட்ட அதே குரலில், "பாவம்," என்றார்.

எனக்குக் கலியாணம் பேசி முற்றானபோது மாப்பிள்ளையின் தாய் வந்து என்னை நன்றாகப் பார்த்தார். மரியாதையான மனிசி. போகும்போது படலையடியில் அம்மாவின் கையைப் பிடித்து, "பிள்ளை நல்ல வடிவு. தலையை மட்டும் கறுப்பாக்கிவிட்டியளெண்டால் படத்துக்கு எடுப்பாயிருக்கும்," என்றார். அடுத்தநாளே அம்மா சந்தியில் கறுப்புச் சாயப் பெட்டி வாங்கி வந்து சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

எனக்கு அது விருப்பமில்லை. கலியாணப் படத்தில் நான் நானாக இருக்கவேண்டும் என்பது அவ்வளவு பெரிய ஆசையா என்று தெரியாது, ஆனால் இருந்தது. மாமிதான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்: "உந்தக் கறுப்பு போகாது பிள்ளை. அடியிலை செம்பட்டை முளைக்க முளைக்கப் பூசவேணும். ஒருக்காத் தொடங்கினியெண்டால் மாமியார் சாகுமட்டும் நீ பூசவேணும்."

மாமியின் அலுமாரியில் நாவற்பழ நிறத்தில் ஒரு போத்தல் மிச்சம் இருந்தது. ஊதாவில் ஆக இருண்டது. எங்கள் தலையில் பூசினால் வீட்டுக்குள் கறுப்பு மாதிரியே இருக்கும், கலியாண மண்டபத்துக்குள்ளும் அப்படித்தான். அம்மாவுக்குக் கறுப்பு, எனக்கு நாவற்பழம், சில முழுக்கில் எல்லாம் போய்த் தலை பழையபடி. நான் கேட்டேன், மாமி ஓம் என்றார். "வெயிலுக்கை மட்டும் இறங்கிப்போடாதை," என்றார்.

கலியாணத்துக்கு முதல்நாள் முன்னறைக் கதவைப் பூட்டிவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பிரித்துப் பிரித்துப் பூசிக்கொண்டே, நான் கேட்காமலே ஒரு கதையைத் தொடங்கினார். அவருக்கும் ஒருதரம் பெண் பார்க்க வந்தார்கள். சண்டைக்காலம், கரண்ட் இல்லை, கறுப்புச் சாயம் வாங்க வழியில்லை. வீட்டில் பெரியவர்கள் விளக்குக் கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைத்து அவருடைய தலையில் அப்பிவிட்டார்கள். வெள்ளைச் சட்டையும் புதுச் சேலையும். பூட்டின அறை, நல்ல புழுக்கம். ரீத் தட்டோடு குனிந்தபோது கழுத்தால் கறுப்பு வழிந்து சட்டை முழுக்க ஊறியது. மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் மாமி?"

"என்னத்தைச் சொல்லுறது? வேணுமெண்டுதான் வேர்த்தனான் எண்டன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமியும் சிரித்தார். ஆனால் பிரஷ் கொஞ்ச நேரம் என் உச்சந்தலையில் அப்படியே நின்றது. "பெடியன் நல்ல பெடியன்," என்றார் பிறகு. "எல்லாரும் எழும்பின பிறகும் இருந்து அந்த ரீயைக் குடிச்சு முடிச்சுப்போட்டுத்தான் போனவன்."

அப்போதுதான் நான் ஒன்றை முடிவு செய்தேன். கலியாணக் காலையில் பொம்பிளையை முற்றத்தில் இருத்திப் பாலறுகு வைப்பார்கள். அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துத் தலையில் வைத்து வாழ்த்தி, பிறகு முழுகவார்ப்பது. வைப்பவர்கள் புருசன் பெண்சாதியாக வந்து வைக்கவேண்டும். கலியாணம் கட்டாத மாமியை யாரும் அதற்குக் கூப்பிட்டதே இல்லை. எந்த வீட்டுக் கலியாணம் என்றாலும் அந்த நேரம் மாமி குசினி அடுப்படியில் நிற்பார். வேணுமெண்டுதான் நிற்கிறன் என்பார், புகைக்குள் நின்றால் ஒருத்தரோடும் கதைக்கத் தேவையில்லையாம்.

"மாமியும் எனக்குப் பாலறுகு வைக்கவேணும்," என்றேன் அம்மாவிடம்.

"உனக்கென்ன விசரோ? அது சோடியா வைக்கிறது. உன்ரை மாமி ஆரோடை வந்து நிக்கிறது?"

"மாமி வைக்காட்டி நான் அந்தக் கதிரையிலை வந்து இருக்கமாட்டன்."

அம்மா அழத் தொடங்கினார். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலே, "நான் தங்கச்சியோடை நிக்கிறன்," என்றார். அவ்வளவுதான். அப்பா வருசத்துக்கு ஒருதரம் இப்படி ஒரு வசனம் கதைப்பார், அதை யாரும் மீறுவதில்லை. எல்லாச் சோடியும் வைத்த பிறகு, ஆகக் கடைசியில் என்று அம்மா விட்டுக்கொடுத்தார். மாமி மட்டும், தனக்கு உந்த அலுப்பெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விடிய நான் எழும்பிப் பார்க்கும்போது, முழுகிப் புதுச் சேலை உடுத்துக் குங்குமப்பொட்டும் வைத்து, ஆளில்லாத முற்றத்தில் தனியே இருந்தார்.

மாமியின் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. பாலறுகு வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அது வெயிலில் நடப்பதும், ஆள் ஆளாகப் பாலை வைக்கும்போது பொம்பிளையின் தலை நனைவதும் அவருடைய மனதில் இல்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு முற்றத்திலும் நின்று பார்த்தவர் அல்லவே. மாமியைக் கூப்பிடுவிக்கிற அவசரத்தில் எனக்கும் அது தோன்றவில்லை.

கிழக்கு நோக்கி இருந்தேன். வெயில் பூவரசுக்கு மேலே வந்துகொண்டிருந்தது, என் தலையில் இன்னும் அதன் நிழல். சோடிகள் வந்து புல்லைத் தொட்டுத் தொட்டுப் பக்குவமாக வைத்தார்கள். சில சொட்டுப் பால் காதுக்குப் பின்னால் இறங்கியது, வெண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீடியோக்காரப் பெடியன் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அக்கா மல்லிகைச் சரத்தோடு படலைக்குள் வந்தார். தலைக்குப் பூக் கொடுத்துவரத் தாய் அனுப்பியதாகச் சொன்னார். தலையைப் பார்த்துவரவும் அனுப்பியிருப்பார் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

கடைசியாக மாமி வந்தார், பக்கத்தில் அப்பா. மற்றவர்கள் புல்லைத் தோய்த்து வைத்ததை மாமி கவனித்திருந்தாலும் கை கேட்கவில்லை போலிருக்கிறது. இத்தனை வருசத்துக்கும் சேர்த்து, இரண்டு கையாலும் கிண்ணத்தில் மிச்சமிருந்த பால் முழுவதையும் அள்ளி என் உச்சியில் வைத்தார்.

பால் நெற்றியால் இறங்கியது. கண்ணிமையில் ஒரு துளி தொங்கியது, நானே பார்த்தேன். ஊதா. மூக்கு வழியாகவும் கன்னம் வழியாகவும் ஊதாப் பால் ஓடி, தோளில் போட்டிருந்த வெள்ளைத் துணியில் பரவியது. சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். வீடியோக்காரன் மட்டும் இன்னும் கிட்ட வந்தான்.

"மச்சாள்," என்றார் அம்மா மெதுவாக, "என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

நான் மாமியைப் பார்த்தேன். அவருடைய கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன, விரல் நுனியால் பால் சொட்டியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையின் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதோ எழும்பிப் போன ஒரு மனிசியை மறுபடியும் பார்ப்பது போல. அவருடைய பதிலுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அந்தப் பதில் என்னவென்று ஊருக்கே தெரியும். ஆனால் மாமியின் வாயில் வந்தது வேறு.

"பிழைச்சுப்போச்சு," என்றார். "என்னாலை பிழைச்சுப்போச்சு. பிள்ளையிலை ஒரு குற்றமும் இல்லை."

பிழை என்ற அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கலியாணம் குழம்பினாலும் பரவாயில்லை, இந்த மனிசியை இப்படி நிற்கவிடக்கூடாது என்று தோன்றியது. கதிரையை விட்டு எழும்பினேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் பிழைக்கேல்லை," என்றேன் சத்தமாக. "நான் வேணுமெண்டுதான் போட்டனான்."

அப்பா இருமினார். மாப்பிள்ளையின் அக்கா கிட்ட வந்து, நனைந்த ஒரு கற்றையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன நிறம் உது?"

"நாவற்பழம்," என்றார் மாமி, கேட்டும் கேளாத குரலில்.

"எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"முழுக முழுகப் போயிடும்."

"எனக்கும் பூசினா எடுக்குமோ?"

மாமி அந்த அக்காவின் தலையை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். நல்ல கறுப்பு, பளபளவென்று. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார், முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"உங்களுக்கு ஏலாது பிள்ளை," என்றார். "முழுக்கக் கறுப்பெல்லே. பாவம்."

அக்காதான் முதலில் சிரித்தார். மல்லிகைச் சரத்தை என் தலையோடு வைத்துப் பார்த்து, வெள்ளைப் பூ இதற்கு நன்றாக எடுக்கும் என்றார். பிறகு மண்டபத்தில் குழாய் விளக்குகளுக்குக் கீழே என் மாமியார் வந்து தலையைத் தடவி, "இப்பத்தான் வடிவு, நல்லாக் கறுத்திருக்கு," என்று சொன்னபோது, அந்த அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனார். படங்களில் என் தலை கறுப்பு. முற்றத்தில் எடுத்த ஒன்றில் மட்டும் ஊதா, அது என் அறையில் இருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. முற்றத்தில், முழுகவார்க்க என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகும்போது திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் கலைந்துவிட்டார்கள். மாமி வெறுங் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். அம்மா போய்க் கிண்ணத்தை வாங்கினார், தன் சேலைத் தலைப்பால் மாமியின் கைகளைத் துடைத்துவிட்டார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சுது. இப்ப ஏன் மச்சாள் அழுறீர்?"

மாமி மூக்கை உறிஞ்சினார்.

"வேணுமெண்டுதான்," என்றார்.